சயாமில் படிக்கப் போகலாமா?

சயாம் தேசத்தில் கல்லூரி ஆசிரியரை 'ஆஜான்' என்று அழைக்கிறார்கள். ஆசாரியர் என்ற சொல்தான் கடல் கடந்து போய், வால் சற்றே தேய்ந்து, இப்படி ஆகியிருக்கிறது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்குப் பெயர் 'க்ரூ', அதாவது குரு. ஆகவே அத்தேசத்தில் நமக்குக் குரு ஸ்தானம் உண்டு. சம்பளம் எவ்வளவு என்று நாம் விசாரிக்கவில்லை.

சர்வகலாசாலைக்கு அங்கே 'மஹாவித்தயாலை' என்று பெயர். பட்டம் பெற்றவர் 'பண்டிட்'. மேற்பட்டம் பெற்றவர் 'மஹாபண்டிட்'. விஞ்ஞானம் 'வித்தயாசாத்', அரசியல் நூல் 'ரட்டசாத்', பொருளாதாரம் 'செட்டசாத்'. எழுத்தில் பார்த்தால் வித்யா சாஸ்திரம், சிரேஷ்ட சாஸ்திரம் என்று வடமொழி எழுத்துக்கள் அப்படியே நிற்கின்றன. நாவுக்கு வரும்போதுதான் சாஸ்திரத்தின் பின்பாதி உதிர்ந்து விடுகிறது. நம் வகுப்புப் பிள்ளைகளும் விடை தெரியாத போது சொல்லின் பின்பாதியை விழுங்கி விடுவார்கள். ஆகையால் இது நமக்குப் பழக்கமான சங்கதியே.

1939-ஆம் ஆண்டிலேயே சயாம் என்ற பெயர் தாய்லாந்து என்று மாறிவிட்டது. ஆயினும் நம் பாட்டனார் காலத்திலிருந்து வீட்டில் வழங்கி வந்த பெயரை விட மனமில்லை. இரண்டையும் கலந்தே எழுதுகிறோம். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் பத்து நாள் அத்தேசத்தில் சுற்றி வந்தோம். புத்த ஆலயங்களைப் பற்றியும் ஆற்றங்கரைக் கடைகளைப் பற்றியும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாம் உபாத்தியாயர் ஆனதால் நம் கால்கள் கலாசாலை வாசல்களை நோக்கியே நடந்தன.

மேலே சொன்ன சொற்கள் ஏதோ பல்லவர் காலத்தில் கப்பலேறிப் போனவை என்று வாசகர்கள் எண்ணி விடக் கூடாது. சில பழையவைதாம், ஆனால் மிகப் பல நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குள் வேண்டுமென்றே வார்த்துச் செய்யப்பட்டவை. ஆக்ஸ்போர்டில் படித்துத் திரும்பிய வான் வைத்தயாகோன் என்ற இளவரசர், மேல்நாட்டு அரசியலிலும் தத்துவத்திலும் வழங்கும் சொற்களுக்கெல்லாம் பாலி மொழியையும் வடமொழியையும் துருவித் தாய் மொழியில் பெயர் கண்டுபிடிப்பதையே ஒரு தொண்டாகச் செய்தார். அரசியல் அமைப்புச் சட்டத்துக்கு 'ரட்டதம்மனூன்' என்று பெயரிட்டவர் அவர்தாம். இவரே பின்னால் 1956-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபைக்குத் தலைவராகவும் அமர்ந்தார். உலகத்தோடு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசத் தெரிந்த மனிதர், தம் ஊர்ப் பிள்ளைகள் உலக விஷயங்களைத் தங்கள் மொழியிலேயே பேச வேண்டுமென்று இவ்வளவு பாடுபட்டார். நாம் அங்கே கண்ட எந்தக் கோபுரத்தையும்விட இதுதான் நம்மை அதிசயிக்க வைத்தது.

ஏன் அதிசயம் என்றால், அதற்கு நம் சொந்தக் கதையில் ஒரு துளி சொல்ல வேண்டும். நாம் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் கணித வகுப்பில் சேர்ந்தோம். முதல் மூன்று மாதம் நடந்த பாடம் கணிதமா, மந்திரமா என்றே விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் 'எல்லை' என்று நன்றாக அறிந்திருந்த விஷயந்தான் 'லிமிட்' என்று வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் தீபாவளி வந்துவிட்டது. நம்மோடு சேர்ந்த பையன்களில் இருவர் அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. இருவரும் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சொந்த மொழியிலேயே மேற்படிப்பு நடத்தும் தேசம் ஒன்றைக் கண்டால் அந்த இருவர் முகமும் நமக்கு ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

சயாமியருக்கு இந்த வசதி எப்படிக் கிடைத்தது? மேற்கே பர்மாவை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். கிழக்கே இந்தோசீனத்தைப் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் அகப்பட்ட சயாம், சில மாகாணங்களைப் பறிகொடுத்தாலும், தன் அரசைக் காப்பாற்றிக் கொண்டது. சூளாலங்கோன் மன்னர் இதற்கு ஓர் உபாயம் கண்டார். வெள்ளைக்காரன் வித்தையை அவன் ஊருக்கே போய்க் கற்றுக்கொண்டு வந்தால், அதைக் கற்றுக் கொடுக்கிறேன் என்ற சாக்கில் அவன் நம் வீட்டுக்குள் குடியேற மாட்டான் அல்லவா? தம் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1897 முதல் அரசரின் உபகாரச் சம்பளத்தில் கெட்டிக்கார மாணாக்கரையும் அனுப்பத் தொடங்கினார். உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவதற்கென்று 1899-ல் ஏற்பட்ட சிறு பாடசாலை வளர்ந்து, 1917-ல் அவருடைய குமாரர் வஜிராவுத் மன்னர் காலத்தில், சூளாலங்கோன் சர்வகலாசாலை ஆயிற்று. அத்தேசத்தின் முதல் சர்வகலாசாலை அது.

அதன் தோட்டத்தில் இவ்விரு மன்னர்களின் சிலைகளும் சேர்ந்தாற்போல் இருக்கின்றன. தந்தை அமர்ந்திருக்கிறார், மகன் பக்கத்தில் நிற்கிறார். மாணாக்கர் அந்தப் பக்கம் போகும்போது கைகூப்பிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கலாசாலைக்கென்று ஒரு மரமும் உண்டு. 1962-ல் அப்போதைய மன்னர் பூமிபோன் ஐந்து கன்றுகளை அங்கே நட்டார். அது என்ன மரம் என்று ஆவலோடு அண்ணாந்து பார்த்தோம். நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரம்! படிக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் வேறில்லை என்று கடைசி பெஞ்சுக்காரர்கள் அபிப்பிராயப்படுவார்கள்.

வெளிநாட்டுப் படிப்பு என்பது அனுப்புகிறவர் நினைத்தபடியே திரும்பி வருவதில்லை. ராஜகுமாரர் மஹிதோன் அமெரிக்காவில் ஹார்வர்டுக்குப் போய் வைத்தியம் படித்தார். ராக்பெல்லர் ஸ்தாபனத்தாரோடு பேசி, சயாமின் வைத்தியக் கல்வியை உலகத் தரத்துக்கு உயர்த்த வழி செய்தார். பிறகு தாமே சியாங் மாய் நகரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் சாதாரண டாக்டராகச் சில வாரம் வேலை பார்த்தார். 1929-ல் இளவயதிலேயே காலமானார். இது ஒரு விதம். மற்றொரு விதம், 1927-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பாரிஸ் நகரத்து அறை ஒன்றில் கூடிய ஏழு சயாமியர். அரசாங்கப் பணத்தில் பிரான்ஸுக்குப் படிக்கப் போன சிலரும் அவர்களில் இருந்தார்கள். முடியரசின் ஏகபோக அதிகாரத்தை முடித்து விடுவது என்று அங்கே அவர்கள் தீர்மானித்தார்கள். 1932 ஜூன் 24-ஆம் தேதி அதை முடித்தும் விட்டார்கள். அந்த எழுவரில் ஒருவரான பிரீதி பனோம்யோங் 1934-ல் தம்மசாத் சர்வகலாசாலையை ஸ்தாபித்தார். தர்ம சாஸ்திரந்தான். நுழைவுப் பரீட்சை என்ற பூட்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தார்; முதல் ஆண்டிலேயே 7,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். பாரிஸில் கற்ற சட்டத்தைத் தாய் மொழியில் கற்பித்தார்கள்.

('தாய் மொழி' என்று எழுதும்போது நடுவில் இடம் விடாவிட்டால் 'தாய்மொழி' ஆகிவிடுகிறது. அச்சுக் கோப்பவர் எங்கேயாவது சேர்த்துவிட்டால் வாசகர்கள் மன்னிக்க வேண்டும்; பொருள் அதிகம் கெட்டு விடாது.)

அக்காலத்தில் சயாமுக்குக் கற்பிக்க வந்த அயல்நாட்டார் சிலரின் கதை இன்னும் சுவையானது. இத்தாலியச் சிற்பி கொர்ராதோ பெரோச்சி 1923-ல் அரசாங்க வேலைக்காகப் பாங்காக்கில் வந்து இறங்கினார். சிலை செய்து கூலி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவரோ சித்திரப் பள்ளி ஒன்றை வளர்த்தார். 1943-ல் அது சில்பாகோன் சர்வகலாசாலை ஆயிற்று. யுத்த நடுவில் இத்தாலி சரணடைந்தபோது, ஜப்பானியர் அவரைச் சிறைப்பிடித்து விடாமலிருக்கச் சயாம் அரசாங்கம் அவரைத் தன் பிரஜையாக்கி, சில்ப பீராசீ என்று பெயரும் சூட்டிற்று. 1962-ல் அவர் அத்தேசத்திலேயே கண்மூடினார். அவர் பிறந்த தினமாகிய செப்டம்பர் 15-ஐ அங்கத்திய ஓவியர்கள் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். நம் தேசத்திலிருந்து 1932-ல் போன சுவாமி சத்தியானந்த புரி என்ற வங்காளத் துறவியும் இப்படித்தான். மகாகவி தாகூர் 1927-ல் சயாமுக்குப் போய் வந்ததன் தொடர்ச்சி அது. சுவாமி விரைவிலேயே தாய் மொழியைக் கற்றுக்கொண்டு அம்மொழியிலேயே சொற்பொழிவு செய்தார், நூல் எழுதினார். 1942-ல் தேச விடுதலைக்கான மாநாட்டுக்கு ஜப்பான் சென்ற வழியில் விமான விபத்தில் உயிர் நீத்தார். விருந்தாளி வீட்டுக்காரன் பாஷையைக் கற்றுக்கொள்வது என்பதே அன்று முறையாக இருந்தது.

முறை மாறியது எப்போது? 1959-ஆம் ஆண்டைச் சொல்லலாம். அமெரிக்காவும் அதன் தோழமை நாடுகளும் கம்யூனிஸத்தைத் தடுப்பதற்காகச் சேர்ந்த தென்கிழக்கு ஆசிய உடன்படிக்கை அமைப்பு அவ்வாண்டு பாங்காக்கில் ஓர் எஞ்சினியரிங் மேற்படிப்புக் கல்லூரியைத் தொடங்கிற்று. பாடமெல்லாம் ஆங்கிலம். சூளாலங்கோன் வளாகத்தில்தான் முதலில் ஒண்டுக் குடித்தனம். 1967-ல் உடன்படிக்கையிலிருந்து பிரிந்து, ஆசியத் தொழில்நுட்ப நிலையம் என்று தனிப் பெயரோடு நின்றது. பிறகு நகரத்துக்கு வடக்கே பதும் தானி மாகாணத்தில் விசாலமான இடத்துக்குப் போயிற்று. பதும் என்றால் பத்மம், தாமரை. பெயருக்கேற்ப 2011-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கலாசாலை முழுவதும் தாமரைத் தடாகமாகி மாதக் கணக்கில் மூடிக் கிடந்தது.

நம்மிடம் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அங்கே நீர்வளப் பொறியியல் படித்தான். அவனுடைய அறைத் தோழன் நேபாளி. பக்கத்து அறையில் வியத்நாமியன். எதிரே யாழ்ப்பாணத்துப் பையன். வகுப்பில் மேகோங் நதியின் வெள்ளக் கணக்குகளைப் போட்ட போது அந்நதி ஓடும் நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளே பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் ஊர் அனுபவத்தைச் சொன்னார்களாம். 'ஐயா, காவேரியைப் பற்றி நம் கல்லூரியில் இப்படி எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து படித்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!' என்று அவன் எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். பலதேசக் கல்வி என்பதற்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

பிறகு சங்கிலித் தொடர்போல் வந்தன. செயின்ட் கேப்ரியல் சபைச் சகோதரர்கள் 1969-ல் வர்த்தகப் படிப்புக்காகத் தொடங்கிய அஸம்ப்ஷன் கல்லூரி ஆங்கிலத்தையே போதனா மொழியாகக் கொண்டு 1990-ல் சர்வகலாசாலை அந்தஸ்துப் பெற்றது. அரசாங்கக் கலாசாலைகளில் மஹிதோன் சர்வகலாசாலை 1986-ல் சர்வதேசக் கல்லூரி ஒன்றுக்கு வித்திட்டது. தம்மசாத்திலும் 1992-ல் சிரிந்தோன் சர்வதேசத் தொழில்நுட்ப நிலையம் வந்தது. 1990 முதல் பதினைந்து ஆண்டுக்கென்று அரசாங்கம் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில் 'சர்வதேசமயமாதல்' ஒரு கொள்கையாகவே ஏறிவிட்டது. அப்போது ஜப்பானியத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஆங்கிலம் பேசும் எஞ்சினியர்களுக்கும் கணக்கர்களுக்கும் கிராக்கி. 1995-ல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் சர்வகலாசாலைகள் ஒன்று கூடி அமைத்த சங்கத்துக்குச் சூளாலங்கோன் வளாகமே தலைமை இடமாயிற்று.

இந்தக் கூட்டுறவு உற்சாகத்தில் நடந்த ஒரு விநோதத்தை மட்டும் சொல்லாமலிருக்க முடியவில்லை. சயாமில் கலாசாலைகள் ஜூன் மாதத்தில் திறப்பது வழக்கம். கோடையின் உச்சத்தில் விடுமுறை. அண்டை நாட்டுக் கலாசாலைகளோடு ஒத்துப் போக வேண்டுமென்று 2014-ல் பெரும்பாலான சர்வகலாசாலைகள் திறப்பு நாளை ஆகஸ்டுக்குத் தள்ளிவிட்டன. விளைவு, சித்திரை வெயிலில் பாடம்! நடுவில் சொங்க்ரான் புத்தாண்டு வந்து ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொள்ளும்போது மாணாக்கர் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். உபாத்தியாயர் பயிற்சி பெறுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். இவர்கள் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டிய பள்ளிக்கூடங்கள் மே மாதத்திலேயே திறந்துவிடும். கலாசாலையோ அப்போதுதான் வருஷத்தை முடிக்கும். முணுமுணுப்பு வலுத்து, சில கலாசாலைகள் பழைய வழிக்கே திரும்பிவிட்டன. மழையும் வெயிலும் எந்தச் சங்கத்திலும் அங்கத்தினர் அல்ல என்பதைக் கமிட்டிகள் எப்போதும் தாமதமாகவே கண்டுபிடிக்கின்றன.

இனி நம் மனத்தை உறுத்திய விஷயத்துக்கு வருவோம். இன்று ஒரு பெரிய சயாம் சர்வகலாசாலைக்குள் போனால் அதற்குள் இரண்டு வாசல்கள் இருப்பதைக் காணலாம். ஒரே வளாகம், ஒரே சிலை, ஒரே வெள்ளைச் சட்டை. (கல்லூரி மாணாக்கருக்கும் அங்கே சீருடை உண்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை அல்லது கால்சட்டை.) ஆனால் ஒரு வாசல் தாய் மொழி வகுப்புக்குப் போகிறது, மற்றொரு வாசல் 'இண்டர்' வகுப்புக்குப் போகிறது. இண்டர்நேஷனல் என்பதன் சுருக்கம் இது. சொல்லின் பின்பாதியை விழுங்கும் வழக்கம் இங்கும் விடவில்லை! இரண்டாவது வாசலுக்குக் கட்டணம் பல மடங்கு. சரி, அங்கே உலகத்து மாணாக்கரெல்லாம் நிறைந்திருப்பார்கள் என்று எட்டிப் பார்த்தால், பெயர் பெற்ற கலாசாலைகளில் பெரும்பாலோர் சயாமியரே. பாங்காக்கின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள், சிறு வயதிலிருந்தே ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்கள். சர்வதேசம் என்று பலகை போட்டு உள்ளூரில் ஒரு புது ஜாதி உண்டாகிறதோ என்ற சந்தேகம் நமக்கு வந்தது. நம் ஊரில் அந்த ஜாதியை நன்றாக அறிந்தவர்கள் நாம்.

நாம் ஏறிய டாக்ஸியின் சாரதி, வடகிழக்கே இஸான் பிரதேசத்தவர். நமக்குத் தாய் மொழி தெரியாது; அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்பு எங்கள் இருவருக்கும் துபாஷியாக இருந்தது. நாம் உபாத்தியாயர் என்று அது சொன்னதும், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியிருந்த அந்த மனிதர் திரும்பி நம்மைக் கைகூப்பி வணங்கினார். அவருடைய பெண் ஊரிலே ராஜபட் கலாசாலையில் உபாத்தியாயர் படிப்புப் படிக்கிறாளாம். ராஜபட் என்பவை முன்னாளில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளாக இருந்து 2004-ல் சர்வகலாசாலைகள் ஆனவை. தேசம் முழுவதும் 38 இருக்கின்றன. பெரிய கலாசாலையின் இண்டர் வகுப்பைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். 'அது வேறு நாடு' என்று கைப்பேசி மொழிபெயர்த்தது. இயந்திரம் சரியாக மொழிபெயர்த்ததா, தப்பாகவா, நமக்குத் தெரியாது. இரண்டானாலும் பொருந்தத்தான் செய்கிறது.

இங்கே நாம் சொந்த மொழிப் பெருமையில் மட்டும் மூழ்கிவிடக் கூடாது. அந்தச் சாரதியின் வீட்டில் பேசும் மொழி லாவோ மொழியைச் சேர்ந்தது. பாங்காக் தாய் மொழி அவர் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த இரண்டாம் மொழி. தெற்கே மலாய் பேசும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அதே கதை. ஒரு தேசத்தின் சுயமொழிக் கல்வி அதன் ஓரங்களில் வசிப்பவர்களுக்குச் சில சமயம் அந்நிய மொழிக் கல்வியாகவே இருக்கிறது. அப்படியிருந்தும், இஸான் பெண்ணுக்குத் தாய் மொழி எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆங்கிலம் கட்டணத்துக்கு அப்பால் இருக்கிறது. 2004-ல் அரசாங்கம் லாட்டரிப் பணத்தைக் கொண்டு தாலுகாவுக்கு ஒரு மாணாக்கர் வீதம் ஏழைப் பிள்ளைகளை ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் முதலிய நாடுகளுக்குப் படிக்க அனுப்பிற்று. சிலர் புதுமொழியில் தத்தளித்தார்கள் என்று அதைக் குறை கூறியவர்கள் உண்டு. நமக்கு அந்தத் திட்டம் பிடித்திருக்கிறது. சூளாலங்கோன் மன்னர் ராஜகுமாரர்களுக்குச் செய்ததைத் தாலுகாப் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தார்கள்.

மற்றொரு காரணமும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. அது கொள்கையும் அல்ல, லட்சியமும் அல்ல, காலி நாற்காலி. 1963 முதல் 1983 வரையில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்குமேல் குழந்தைகள் பிறந்த தேசம் அது. 2024-ல் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உயர்கல்வி நிலையங்களைக் கட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு எங்கே போவது? வடக்கே சீனாவில் பரீட்சைப் போட்டிக்கு அஞ்சி இடம் தேடும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் வந்தார்கள், இன்று தாய்லாந்தில் படிக்கும் அயல்நாட்டு மாணாக்கரில் சீனரே முதலிடம். அவர்களுக்குப் பின்னால் சீனப் பணமும் வந்து, சில தனியார் சர்வகலாசாலைகளையே விலைக்கு வாங்கிற்று. அங்கே சில வகுப்புக்கள் சீன மொழியிலேயே நடக்கின்றன. பட்டம் சயாமில், பாடம் சீனத்தில், கட்டணம் எங்கே போகிறது என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். 2017-ல் அயல்நாட்டுச் சர்வகலாசாலைகள் விசேஷப் பொருளாதாரப் பிரதேசங்களில் கிளை திறக்கவும் ராணுவ அரசாங்கம் உத்தரவு போட்டது. கலாசாலை ஹோட்டலைப் போல அறை நிரப்பத் தொடங்கினால் அதில் சமையல் எப்படி இருக்கும் என்பதுதான் நம் கவலை.

நம் தெருவில் ஒரு பாங்கி உத்தியோகஸ்தர் இருக்கிறார். நாம் பாங்காக் போய் வந்தது தெரிந்து, பளபளப்பான விளம்பரப் புத்தகம் ஒன்றோடு வந்தார். "ஸார், பெண்ணை லண்டனுக்கு அனுப்ப நமக்குச் சக்தியில்லை. பாங்காக் பக்கத்தில்தானே இருக்கிறது? சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் போய் விடலாம். இங்கிலீஷிலேயே சொல்லிக் கொடுக்கிறார்களாம். அனுப்பலாமா?" என்று கேட்டார். அந்தப் புத்தகத்தில் நீச்சல் குளத்தின் படம் இரண்டு பக்கம். ஆசிரியர்களைப் பற்றி அரைப் பக்கம். நாம் சொன்னோம்: "எந்த விஷயத்தில் அந்த ஊரார் உலகத்துக்குக் கற்றுக் கொடுக்க முடியுமோ அந்த விஷயத்தைப் படிக்கப் போவதானால் தாராளமாக அனுப்புங்கள். இங்கே கிடைப்பதையே அங்கே போய் வாங்குவதானால் விமானச் சத்தம் நஷ்டம்."

அப்படிப்பட்ட விஷயங்கள் உண்டு. மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு மசியாத மலேரியா முதலில் தலைகாட்டிய இடங்களில் ஒன்று சயாம்-கம்போடிய எல்லை. ஆகவே மஹிதோன் சர்வகலாசாலையில் 1960-ல் தொடங்கிய வெப்பமண்டல வைத்தியத் துறைக்கு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையே தேடிக்கொண்டு வந்து 1979 முதல் கூட்டாக ஆராய்ச்சி நடத்துகிறது. யார் யாரிடம் படிக்க வருகிறார்கள் பாருங்கள்! இன்னொன்று, காவியுடை மாணாக்கர். 1887-ல் தொடங்கிய மஹாசூளாலங்கோன் ராஜவித்தயாலை என்ற பிக்ஷுக்களின் சர்வகலாசாலையில் லாவோஸ், கம்போடியா, பர்மா, வியத்நாம், பங்களாதேசம் முதலிய இடங்களிலிருந்து இளம் பிக்ஷுக்கள் வந்து படிக்கிறார்கள். சர்வதேசமயமாதல் என்ற நீண்ட சொல்லை யாரும் உச்சரிப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே பிக்ஷுக்கள் ஓலைச் சுவடியைக் கையில் எடுத்துக்கொண்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் சயாமுக்குமாக நடந்து கொண்டிருந்தார்கள்.

பாங்கி உத்தியோகஸ்தரிடம் இன்னொன்றும் சொன்னோம். பெண் போவதாக இருந்தால் முதல் மாதத்திலேயே அந்த ஊர் எழுத்தைக் கற்றுக்கொள்ளட்டும் என்றோம். "வகுப்புத்தான் இங்கிலீஷில் ஆயிற்றே, ஸார்?" என்றார். வகுப்பு ஒரு நாளில் ஐந்து மணி நேரம். மற்றப் பத்தொன்பது மணி நேரமும் பெண் அந்த ஜனங்களோடுதானே இருக்கப் போகிறாள் என்றோம். அவர் யோசித்துக் கொண்டே போனார். அனுப்பினாரா என்று இது எழுதும் வரையில் தகவலில்லை.

கடைசி மூன்று நாளை வடக்கே சியாங் ராய் நகரத்தில் கழித்தோம். அங்கே மலையடிவாரத்தில் 1998-ல் ஏற்பட்ட மே பா லுவாங் சர்வகலாசாலை இருக்கிறது. அரசாங்கக் கலாசாலையே ஆனாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போதனை. தாய் மொழிக்கு இடம் சுருங்கிய கலாசாலை என்று கொஞ்சம் மன வருத்தத்தோடுதான் உள்ளே போனோம். அதன் வாசலிலிருந்து பர்மா எல்லை சாலை வழியே ஒரு மணி நேரப் பிரயாணம். 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அங்கத்திய கலாசாலைகள் பல வெறிச்சோடின. ராணுவ அதிகாரத்தின் கீழ்ப் படிக்க மாட்டோம் என்று மாணாக்கரும், கற்பிக்க மாட்டோம் என்று ஆசிரியரும் வெளியேறினார்கள். 2024-ல் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமல்படுத்தினார்கள். அதிலிருந்து பிள்ளைகள் எல்லை தாண்டி வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாய் மொழி தெரியாது. இங்கே ஆங்கில வகுப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் அவர்கள் படிப்பதற்குப் பக்கத்தில் வேறு இடமில்லை.

சாயங்காலம் கலாசாலைக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பர்மியப் பையன் ஒருவன் பரிமாறிக்கொண்டிருந்தான். பகலில் கணினி விஞ்ஞானம் படிக்கிறானாம். மாந்தலேயில் இரண்டு ஆண்டு படித்த படிப்பு வீணாகி, மறுபடி முதல் வகுப்பிலிருந்து தொடங்கியிருக்கிறான். நம்மிடம் ஆங்கிலத்தில் பேசினான். கடைக்காரக் கிழவியிடம் தட்டுத் தடுமாறித் தாய் மொழியில் பேசினான். அவள் அவன் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்தாள். ஒரு சொல்லை மூன்று தரம் சொல்ல வைத்தாள். மூன்றாவது தரம் சரியாக வந்தபோது தலையை ஆட்டிவிட்டு, அடுப்பிலிருந்த சட்டியைத் திறந்து அவனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டாள்.